சுட்டவன் மட்டுமே குற்றவாளி

ஆசிரியருக்கு,

பயங்கரவாதத்தையும் இஸ்லாத்தையும் ஒன்றாக்கிப் பேசும் தொலைக்காட்சி விவாதங்களைக் கண்டித்த தங்கள் தலையங்கம் மிகவும் அவசியமானது. 2008 மும்பைத் தாக்குதலில் கொல்லப்பட்ட 9 பயங்கரவாதிகளின் உடல்களை அடக்கம் செய்ய, அந்நகர முஸ்லிம்களே இடம் தர மறுத்தார்கள். இதைவிடக் கடுமையான கண்டனம் என்ன வேண்டும்? விவாத மேடையில் குரலை உயர்த்துவோருக்கு இது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

கடந்த 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த பாயிடம், "உங்கள் ஆட்கள் செய்ததைப் பார்த்தீர்களா?" என்று ஒருவர் கேட்டார். "சுட்டவனைத் தூக்கில் போடுங்கள், என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்றார் அவர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். தாக்குதல் செய்தி வரும் அதே பக்கத்தில், ஜமாத்துகள் விடுக்கும் கண்டன அறிக்கைகளையும் தாங்கள் வெளியிட வேண்டும்.

- வாசகர், கிருஷ்ணகிரி