வலது பக்கமும் உடையும் வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?

கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம்.

என் புகார் உங்கள் கோப்பில் இருக்கிறது, படங்களும் இருக்கின்றன, அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. முன் இடது சக்கரத்தின் லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் சஸ்பென்ஷனின் அடிப்பக்க இரும்புக் கை) துருப்பிடித்து, சக்கரத்தோடு அதை இணைக்கும் பால் ஜாயிண்ட் உட்காரும் இடத்தில் கிழிந்து, சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து மட்கார்டில் சிக்கி நின்றது. வண்டியைத் திருப்ப மெதுவாக உருட்டிக்கொண்டிருந்த நேரம் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரம் முன்பு வரை அதே வண்டி நெடுஞ்சாலையில் வேகமாக வந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் உங்கள் பதில்களில் யாரும் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு 'நல்லெண்ண அடிப்படையில்' இடது ஆர்மை மாற்றிக் கொடுத்தீர்கள். நன்றி. கிண்டலில்லை, உண்மையாகவே நன்றி.

இப்போது வலது பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

வலது ஆர்மும் இடது ஆர்மோடு சேர்ந்தே இந்த வண்டியில் ஏறியது. அதே தண்ணீரில் நனைந்தது, அதே சேற்றைத் தின்றது. இடது ஆர்மை மாற்றிய மெக்கானிக் சுத்தியலால் இதையும் தட்டிப் பார்த்தார். நல்ல இரும்பு என்றால் கணீரென்று கேட்க வேண்டும். இது சொத்தென்று கேட்டது, தட்டத் தட்ட ஏடு ஏடாகத் துரு உதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை அழுத்தினார், ஓர் இடத்தில் உள்ளே இறங்கிவிட்டது. சேவை மைய ஆலோசகரை அழைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "அது இன்னும் உடையலையே சார், உடைஞ்சா கிளெய்ம் போடலாம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. உடைந்தால் கிளெய்ம் போடலாம். சரி, போடலாம், ஆனால் யார் போடுவது? லோயர் ஆர்ம் எப்போது அதிகச் சுமை தாங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரேக் மிதிக்கும்போது, வளைவில் திரும்பும்போது, குழியில் இறங்கும்போது. அதாவது சக்கரம் நாம் சொன்னதைக் கேட்டே ஆக வேண்டிய நேரத்தில்தான் அது போகும். போனால் ஸ்டீயரிங் கையில் இருக்கும், சக்கரம் தன் இஷ்டத்துக்கு இருக்கும், கூடவே பிரேக் எண்ணெய் போகும் ஹோஸும் இழுபட்டுப் பிய்ந்துகொள்ளலாம். அன்று வீட்டுக்குள் வரும் வேகத்தில் போனது. அடுத்த முறையும் அப்படியே போகும் என்று எழுதிக் கொடுப்பீர்களா? அந்த வண்டியில் வீட்டில் யாரையும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது, தவணை மட்டும் ஓடுகிறது.

என் கோரிக்கை சிறியது. வலது ஆர்மை மாற்றிக் கொடுங்கள். இதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களையும் கூப்பிட்டு, சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தைப் பார்த்து, பார்த்ததை எழுத்தில் கொடுங்கள்.

காசு கொடுத்தால் மாற்றித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். கொடுக்கலாம், அது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் நான் கொடுத்த நிமிடத்திலிருந்து இது என் பராமரிப்புச் செலவு ஆகிவிடும், உங்கள் கணக்கில் கோளாறு என்று எதுவுமே இருக்காது, என் பின்னால் வரிசையில் நிற்பவருக்கு யாரும் எதுவும் சொல்லவும் மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் 'சுற்றுச்சூழல் காரணங்களால் ஏற்பட்ட துரு, வாரண்டியில் அடங்காது' என்று இருக்கிறது. கார் சுற்றுச்சூழலில்தானே ஓடும்? தண்ணீரும் மண்ணும் உப்புக் காற்றும் இல்லாத சாலை இருந்தால் சொல்லுங்கள், அங்கேயே ஓட்டிக்கொள்கிறேன். இந்த ஆர்ம் இரண்டு தகடுகளை அழுத்தி வளைத்து ஓரத்தில் வெல்டிங் செய்தது, உள்ளே வெற்றிடம். தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை. அந்தத் துளையைச் சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே ஈரம் காயவே காயாது, வெல்டிங் ஓரத்தில் பூச்சு பலவீனமாக இருந்தால் துரு அங்கேதான் பிடிக்கும், உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும். இதை வடிவமைத்தது நான் இல்லை, மழையும் இல்லை.

வெளியில் தெரிந்தால்கூட யார் பார்க்கிறார்கள்? வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, டயரின் உள் ஓரம் தேய்கிறது என்று சொன்னபோதெல்லாம் அலைன்மெண்ட் செய்து பில் கொடுத்தார்கள். கடைசி சர்வீஸ் பட்டியலில் சஸ்பென்ஷன் என்ற வரிக்கு எதிரே அழகாக ஒரு டிக். அதே நாளில் அண்டர்பாடி கோட்டிங் என்று கறுப்பாக ஒன்றை, துருவைச் சுரண்டக்கூட இல்லாமல், மேலேயே அடித்துவிட்டார்கள். துருவின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும், பார்ப்பவர் கண்ணையும் மறைக்கும். அப்படியே புண்ணுக்குப் புனுகு பூசிய கதைதான்.

உலகத்தில் இது நடக்காத விஷயமும் இல்லை. 2010-ல் ஃபோர்டு நிறுவனம் 1998 முதல் 2003 வரையிலான விண்ட்ஸ்டார் வண்டிகளில், பின் ஆக்சில் துருவால் விரிசல் விட்டு முறியலாம் என்று 5 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. அவற்றில் 12 வயதான வண்டிகளும் இருந்தன. சாலையில் உப்புத் தூவும் பகுதிகளில் ஓடிய வண்டிகள்தான் அவையும். சுற்றுச்சூழல்! டொயோட்டாவும் 2016-ல், சேஸிஸ் துருப்பிடித்த வழக்கில், சுமார் 15 லட்சம் வண்டிகளைப் பரிசோதிக்கவும் தேவைப்பட்டால் சேஸிஸையே மாற்றவும் ஒப்புக்கொண்டது. தானாக மனமிரங்கிச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. செய்ய முடியும் என்பதைத்தான் சொல்கிறேன். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையில், சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் வண்டியின் பலத்தைக் குலைக்கும் அளவு துரு இருந்தாலே தேர்ச்சி கிடையாது. உடைந்த பிறகு வாருங்கள் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

நீங்களோ விளம்பரத்தில் திரை எத்தனை அங்குலம், ஏர்பேக் எத்தனை, பாதுகாப்புக்கு எத்தனை நட்சத்திரம் என்று சொல்கிறீர்கள். அந்த நட்சத்திரம் புது வண்டியை மோதிப் பார்த்து வாங்கியது. சில வருடம் ஓடிய பிறகு அடியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று மோதிப் பார்க்கும் பொறுப்பை எங்களிடம் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. துருவுக்கான உங்கள் வாரண்டியைப் படித்தேன். பாடித் தகட்டில் உள்ளிருந்து ஓட்டை விழுந்தால் உண்டு, சஸ்பென்ஷனுக்குக் கிடையாது. கதவு ஓட்டையானால் நான் நனைவேன், அவ்வளவுதான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக்கு அந்த அக்கறைகூட இல்லையா?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து வலது ஆர்மை மாற்றிக் கொடுங்கள். முடியாது என்றால், 'இந்த ஆர்மோடு ஓட்டுவது பாதுகாப்பானது' என்று உங்கள் பொறியாளர் ஒருவரைப் பெயரும் கையெழுத்தும் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய இடது ஆர்மை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் அவருக்கு அனுப்புகிறேன், அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். மற்ற வண்டிக்காரர்களுக்கு எப்போது தகவல் அனுப்புவீர்கள் என்பதையும் அதே பதிலில் சொல்லிவிடுங்கள். பதில் எழுத்தில் வேண்டும், போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்