கர்ணாலும் எங்கள் கடைசி வாய்க்காலும்

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்று அறிந்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். இங்கே காலபோக உழவு நடக்கிறது, மழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காலையில் பாண், இரவில் ரொட்டி என்று தின்கிற நாட்டில் கோதுமையை ஏன் விதைப்பதில்லை என்று கேட்டிருந்தாய். அதற்குக் குளிர் வேண்டும், மச்சான். மணி பால் பிடிக்கும் நேரம் வெக்கை அடித்தால் சூம்பிப்போகும். வன்னி வெயிலுக்கு அது சரிவராது. கப்பலில் வந்து திருகோணமலை ஆலையில் அரைபடுவதுதான் நமக்கு.

அந்த வெக்கை இப்போது இந்தியாவையும் பிடித்துவிட்டது. 2022 மார்ச்சில் வடக்கே வெயில் எரித்தது, மே மாதம் கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். அப்போதுதான் அரியானாவின் கர்ணாலில் உள்ள கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். 1965இல் தொடங்கிய அகில இந்தியக் கோதுமை மேம்பாட்டுக் கூட்டுத் திட்டம்தான் அதற்கு வேர். 1978இல் இயக்ககமாகி, 1990இல் கர்ணாலுக்கு வந்து, 2014இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

எனக்குப் பிடித்தது அவர்கள் புதிய கோதுமை இனங்களை வெளியிடும் முறை. நல்ல விளைச்சல் என்பதோடு விட்டுவிடுவதில்லை. எந்தப் பிரதேசத்துக்கு, இறைப்புக்கா மானாவாரிக்கா, நவம்பரில் விதைப்பவனுக்கா, கரும்பு வெட்டிவிட்டு டிசம்பரில் விதைப்பவனுக்கா என்று பிரித்துத்தான் சிபாரிசு செய்கிறார்கள். பிந்தி விதைப்பவனின் கதிர் வெக்கையில் மாட்டும் என்பதால் அவனுக்கென்று தனி இனம்.

நோய்க் கதையும் உண்டு. கோடையில் வடக்குச் சமவெளியில் கோதுமையே இருக்காது. தண்டுத் துரு நோயின் பூஞ்சை அப்போது எங்கே பிழைக்கிறது தெரியுமா? நீலகிரி, பழனி மலைகளில். அங்கேயிருந்து காற்றில் வடக்கே போகிறது. இதைக் கண்டறிந்தவர் ஆக்ராவின் தாவர நோய் ஆய்வாளர் கே. சி. மேத்தா. நீலகிரியின் வெலிங்டனில் டில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் துருவைத் தாங்கும் கோதுமைக்கென்று ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். தமிழ் மலையில் கிடக்கும் நோய்க்கு இந்திக்காரன் காவல் இருக்கிறான் பார்!

நம்மிடமும் அறிவு இல்லாமலில்லை. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்து ஆட்கள் நெல்லை வயதுபார்த்துத்தான் தருகிறார்கள். அவர்களின் பீஜி 250 நெல் இரண்டரை மாதத்தில் அறுவடைக்கு வரும். கோடைச் சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பிந்திக் கிடைக்கும் கடைசி வாய்க்கால்காரனுக்கு இப்படிக் குறுகிய வயது விதைதான் தோது. ஆனால் அவன் விதைக்கிற நேரத்தில் கடையில் இருப்பது மூன்றரை மாத நெல். கதிர் வரும்போது குளத்தில் தண்ணீர் இருக்காது. விதையைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்ததென்று யாரோ நினைக்கிறார்கள், எனக்கு அதுதான் எரிச்சல்.

சரி, மாசியில் வருவாய் என்றால் முன்னமே சொல்லு. அறுவடைக்கு வெட்டு மெசின் பிடிக்கிற பாட்டையும் நீ பார்க்கவேண்டும். வரும்போது பேரனின் படமும் கொண்டுவா, போனில் அனுப்புவது இவளுக்குப் போதாதாம்.

உன்
மச்சான்