ஞாயிறு சூலூர்ப் பக்கம் ரிமோட் விமானம் பறக்கவிட வேண்டாமுங்க

வணக்கமுங்க. சூலூர்ல விமானப்படைத் தளம், பீளமேட்டுல ஏர்போர்ட். ரெண்டையும் சுத்தி, பறக்கவிடத் தடையுள்ள சிவப்பு மண்டலம் இருக்குதுங்க. 2021 ட்ரோன் விதிகள்படி சிவப்பு மண்டலத்துல மத்திய அரசு அனுமதியில்லாம எதையும் ஏத்தக் கூடாது. பொம்மை விமானந்தானேன்னு நினைக்காதீங்க, நம்ம ரிமோட் விமானத்துக்கும் அதே விதிதான். அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் போலாம். ஏர்போர்ட் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள்ள 200 அடிதான். கிளம்பறதுக்கு முன்னாடி எந்த இடம் எந்த மண்டலம்னு காட்டுற அரசோட டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தை ஒருக்கா பார்த்துருங்க.

வானிலை ஆய்வுக்கு விடற மாதிரிப் பெரிய பலூன்ல கேமரா கட்டி ஏத்தலாமான்னு தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாரு. நல்ல ஆசைதான் கண்ணு. ஆனா அது 1 லட்சம் அடி வரைக்கும் ஏறும். பயணிகள் விமானம் போற 35,000 அடி உயரத்தைக் கடந்துதான் அது மேல போகும். அனுமதிக் கடிதம் கைக்கு வராம கயிறை அவுக்கக் கூடாதுங்க. விண்ணப்பத்தைச் சேர்ந்தே எழுதலாம், நான் வர்றேன்.