உப்புக் காற்றுக்கு ஏற்ற ஒரு பிரீஆம்ப்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து கன நாளாயிற்று. மாரி ஓய்ந்து வீடு காயட்டும், பேந்து ஆறுதலாக எழுதுவோம் என்று இருந்துவிட்டேன். மழை இந்த முறை தை பிறந்த பிறகும் விடவில்லை. பின் அறைச் சுவரில் ஒரு மூலை இன்னும் ஈரம்தான். மற்றபடி எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, ஆனாலும் வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டா. மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை. டவுனுக்குள் இறங்கிக் குப்பையில் கிடக்கும் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. வருகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள், எங்களுக்குப் பார்க்கவே வயிற்றெரிச்சல்.

மைக்கைக் கணினியோடு இணைக்கிற இன்டர்பேஸ் இருக்கும்போது, மைக்கின் சின்னச் சிக்னலைப் பெருக்குகிற பிரீஆம்ப் ஒன்று தனியாக எதற்கு, தேவைதான் என்றால் ஆடிக்கு வரும்போது எதைக் கொண்டுவருவது என்று கேட்டிருந்தாய். முதலாவதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் இரண்டாவதற்கும் பதில் தானாக வரும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இப்போது நான் அதிகம் பதிவது கல்யாணப் பாட்டுமில்லை, பக்திப் பாட்டுமில்லை. கரைவலை இழுத்த பழைய ஆட்களின் அம்பாப் பாட்டு. பல இடங்களில் இப்போது வலையை இழுப்பது ட்ராக்டரில் பூட்டிய வின்ச். பத்து இருபது பேர் ஒரே மூச்சில் கயிறு இழுத்தால்தானே பாட்டு வேண்டும்? நினைவில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வயது போனவர்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடவேண்டியதை, ஒரு கிழவர் கதிரையில் இருந்துகொண்டு தனியாகப் பாடுகிறார். முதல் இரண்டு அடி முணுமுணுப்பு. பிறகு மூச்சு வாங்குவார். அடுத்த அடியில் வயதை மறந்து ஒரு குரல் கொடுப்பார் பார், மீட்டர் சிவப்புக்குப் போய்விடும். "ஐயா, ஒரே அளவாகப் பாடுங்கோ" என்று அவரிடம் சொல்ல முடியுமா? சொன்னால் பாட்டு செத்துப்போகும்.

கூடிய சிக்னல் தருகிற கண்டென்சர் மைக் வைத்தால் கெயின், அதாவது பெருக்கும் அளவு, பிரச்சினையே ஆகாதே என்பாய். வைத்துப் பார்த்தாயிற்று. மாரிக் காலத்தில் எங்கள் காற்றில் ஈரம் ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். கண்டென்சருக்குள் மெல்லிய தகடும் அதன் பின்தட்டும் மயிரிழை இடைவெளியில் மின்னேற்றத்தோடு நிற்கின்றன. அந்த இடைவெளியைச் சுற்றி ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசியும், பதிவில் பட்பட் என்று பொரியும். சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் பூட்டி வைத்தால் ஓரளவு தப்பும், ஆனால் நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கடற்கரை வீட்டுத் திண்ணையில் வைத்தால் அந்தப் பாதுகாப்பு எவ்வளவு நேரத்துக்கு? அதனால் நான் காந்தமும் கம்பிச்சுருளுமாக வேலை செய்கிற டைனமிக் மைக்குக்கே, ஷூர் எஸ்எம்58 போன்றதுக்கே, திரும்பிவிட்டேன். விழுந்தாலும் பாடும், ஈரத்துக்கும் அசையாது. காகச் சத்தமும் முச்சக்கர வண்டியும் குறைவாக விழுகின்றன என்பது உண்மைதான், ஆனால் அது டைனமிக் என்பதால் வருகிற நன்மை இல்லை. வாய்க்குக் கிட்ட வைக்கலாம் என்பதால் வருவது. தூர வைத்தால் அதுவும் காகத்தைக் கேட்கும்.

இனிக் கணக்குக்கு வா. 94 டெசிபெல் சத்தம் மைக்கின் வாயில் பட்டால் எஸ்எம்58 தருவது ஏறத்தாழ 1.85 மில்லிவோல்ட். கிழவரின் முணுமுணுப்பு 70 டெசிபெல் என்று வை. அப்போது மைக்கில் இருந்து வருவது 0.12 மில்லிவோல்ட் மட்டுமே. லைன் அளவு என்று சொல்கிற 1.23 வோல்ட்டுக்கு அதை ஏற்ற வேண்டுமென்றால் பத்தாயிரம் மடங்கு பெருக்க வேண்டும். அதுதான் 80 டெசிபெல். பதிவுக்கு அவ்வளவு முழுதாகத் தேவைப்படாது, ஆனால் என் இன்டர்பேஸ் 60ஐ எட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. அதிலும் குமிழின் கடைசித் திருப்பில் சிக்னலைவிட வேகமாக இரைச்சல் ஏறுகிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் டைனமிக் மைக், டைனமிக் மைக் என்பதால் கூடுதல் கெயின். அதற்காகத்தான் தனி பிரீஆம்ப். ஆசைக்கு வாங்குகிற சாமான் இல்லை.

கெயின் மட்டும்தான் தேவை என்றால் கிளவுட்லிஃப்டர் போன்ற சின்னப் பெட்டி போதும். இன்டர்பேஸின் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்தைத் தான் எடுத்துக்கொண்டு, மைக்குக்கு விடாமல், 25 டெசிபெல்வரை ஏற்றிக் கொடுக்கும். கையில் காசு குறைவு என்றால் நானே அதைத்தான் சொல்லுவேன், யாருக்கும் வெட்கப்படாமல்.

பிரீஆம்ப் விபரத்தில் போடுகிற இரைச்சல் எண்ணைப் பார்த்து ஏமாறாதே. 150 ஓம் தடை ஒன்று சும்மா இருந்தாலே, வெப்பத்தால் மட்டும், கேட்கும் அலைவரிசைக்குள் சுமார் -131 டிபியு (0.775 வோல்ட்டை அடியாக வைத்து எண்ணும் டெசிபெல்) இரைச்சல் தரும். அதற்குக் கீழே இயற்கையே விடாது. நல்ல பிரீஆம்ப்கள் எல்லாம் -126க்கும் -129க்கும் இடையில் நிற்கின்றன. ஒன்றிரண்டு டெசிபெல்லுக்காகச் சண்டை பிடிக்கிறவர்கள் என் அறைக்கு வந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருக்கட்டும். கடல் எத்தனை டெசிபெல் என்று கேட்டுச் சொல்லட்டும்.

சரி, நிறம், அதாவது பெட்டி தன் பங்குக்கு ஒலியில் சேர்க்கிற தன்மை. நீ நீவ் 1073 என்ற பழைய பிரீஆம்பின் மாதிரியில் வரும் நகல் ஒன்றைச் சொல்லியிருந்தாய். "பழைய றேடியோ சிலோன் குரல் மாதிரிக் கனமாக இருக்கும்" என்று எழுதியிருந்தாய். மச்சான், நாங்கள் சின்னதில் கேட்ட அந்தக் கனத்தில் பாதி மத்திய அலையின் ஒடுங்கிய அலைவரிசையும், உங்கள் வீட்டு மரப்பெட்டி றேடியோவின் ஸ்பீக்கரும் தந்தது. அதைத் தேடி 1970இல் ஒலிக்கருவி வடிவமைப்பாளர் ரூபர்ட் நீவ் வரைந்த ஒரு சுற்றுக்குப் பின்னால் போனால் வேறு ஏதோ கிடைக்கும். நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் நீ தேடியது கிடைக்காது.

இதில் முக்கியம் நிறம் தருகிற ட்ரான்ஸ்போமர் இரும்பு எங்கே இருக்கிறது என்பது. ட்ரான்ஸ்போமரின் இரும்பு உள்ளகம் காந்தத்தைத் தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு. சிக்னலின் மின்னழுத்தம் கூடினால் அந்த எல்லைக்குக் கிட்டப் போகும். அதிர்வெண் குறைந்தாலும் அப்படித்தான், பாதியாகக் குறைந்தால் காந்தம் இரட்டிப்பாகும். அதனால் கீழ் ஸ்தாயிதான் முதலில் நிறம் மாறும், பெரும்பாலும் மூன்றாம் மடங்கு அதிர்வெண் சேரும். தவிலின் தொப்பி அடி 80 ஹேர்ட்ஸ் பக்கம் என்று வைத்துக்கொள். அதோடு 240 சேரும். எங்கள் சனம் எல்லாவற்றையும் கேட்பது போனில். போன் ஸ்பீக்கர் 80ஐக் காட்டாது, 240ஐக் காட்டும். அதைக் கேட்டு மனம் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளும். ஆகவே நிறம் வீண் அலங்காரம் என்று நான் சொல்லமாட்டேன். தவிலுக்கு அது சோறு போடும்.

ஆனால் 1073 வகையில் சிக்னல் உள்ளே வரும் வாசலில் ஒரு ட்ரான்ஸ்போமர், வெளியே போகும் வாசலில் ஒரு ட்ரான்ஸ்போமர். உள்ளே இருப்பது பார்ப்பது மில்லிவோல்ட், அதனால் அது ஒலி அலையைப் பெரிதாகக் கோணலாக்காது. வெளியே இருப்பது பார்ப்பது பெருக்கி முடிந்த வோல்ட். கனம் வருவது பெரும்பாலும் அங்கேதான். கிழவர் முணுமுணுக்கும்போது ஒரு நிறம், குரல் எடுக்கும்போது இன்னொரு நிறம். மேடைப் பாடகருக்கு அது அழகு. நான் செய்வது பேரப்பிள்ளைகள் கேட்க வைக்கிற பதிவு. பதிவோடு போன நிறத்தைப் பிறகு கழற்ற முடியாது. தவில் கச்சேரி வந்தால் சாஃப்ட்வேரில் பிறகு சேர்த்துக்கொள்வேன்.

அப்படியென்றால் இரும்பே இல்லாத கிரேஸ் டிசைன் எம்101 எடுக்கலாமே என்று நீ கேட்பாய், நியாயம்தான். மிக நல்ல பெட்டி, மைக் தந்ததை அப்படியே தரும். எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, எங்கள் சீமெந்துச் சுவர் அறையில் வறண்ட கிழட்டுக் குரலை அப்படியே எடுத்தால் எலும்பு மட்டும் தெரிகிறது. கொஞ்சம் சதை வேண்டும். மற்றது கோயில்களில் வருகிற தலையிடி. திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரில் இருந்து ஒரு வயர் எடுப்போம். அவருடைய கரண்ட் ஒரு பிளக்கில், எங்களுடையது மண்டபத்தின் மற்றப் பக்கத்தில். இரண்டு எர்த்தும் சந்தித்தவுடன் 50 ஹேர்ட்ஸ் உறுமல். உள்வாசலில் ட்ரான்ஸ்போமர் இருந்தால் இரு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லை, காந்தம் வழியாகத்தான் சிக்னல் தாண்டுகிறது. கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் விடுவித்துவிட்டால் உறுமல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஷீல்ட் வழியாக ஃபாண்டம் மின்சாரமும் போவதால், மைக் பூட்டுகிற கேபிளில் மட்டும் அதைச் செய்யக்கூடாது.

ரூபர்ட் நீவ் டிசைன்ஸின் 511 என்று ஒன்றும் இருக்கிறது. அதில் சில்க் என்ற பொத்தானால் நிறத்தைக் கூட்டலாம், வேண்டாம் என்றால் நிறுத்தலாம். மனதுக்குப் பிடித்த யோசனை. ஆனால் அதைப் பூட்ட 500 தொடருக்கான தனிச் சட்டகமும் மின்வழங்கியும் வாங்கவேண்டும். ஒரு மைக்குக்கு அவ்வளவு பெட்டி எனக்கு வேண்டாம்.

சுற்றிச் சுற்றி நான் வந்து நிற்பது ஃபோகஸ்ரைட்டின் ஐஎஸ்ஏ வன் (ISA One) என்ற பிரீஆம்பில். அதில் இரும்பு உள்வாசலில் மட்டும், சுவீடனின் லுண்டால் செய்யும் எல்எல்1538. கெயின் 60, அதற்கு மேல் இன்னொரு குமிழில் 20, மொத்தம் 80 டெசிபெல். மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா? 75 ஹேர்ட்ஸில் கீழ் ஒலியை வெட்டும் பொத்தானும் உண்டு, கடல் இரைச்சலில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். எனக்கு அதிகம் பிடித்தது உள்மின்தடை மாற்றும் பொத்தான். 600, 1400, 2400, 6800 ஓம் என்று நாலு நிலை. டைனமிக் மைக்கின் சுருளை எவ்வளவு பாரம் பிடிக்கிறது என்பதை அது மாற்றுகிறது. 6800இல் மேல் ஸ்தாயி திறக்கும், 600இல் குரல் கொஞ்சம் ஒடுங்கி அடங்கும். கோணல் எதுவும் சேர்க்காமல் கிடைக்கிற நிறம் அது. கண்டென்சரில் பெரிய வித்தியாசம் தெரியாது, டைனமிக்கில் நன்றாகத் தெரியும். எனக்குத் தேவையான அளவு நிறம் இவ்வளவுதான்.

இதன் கதையும் எனக்குப் பிடிக்கும். ஃபோகஸ்ரைட்டை 1985இல் தொடங்கியதும் நீவ்தான். பீட்டில்ஸ் பாட்டுகளைத் தயாரித்த ஜோர்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவுக்காக ஐஎஸ்ஏ வரிசையை வடிவமைத்தார். அந்த ஸ்டூடியோ இருந்தது கரீபியனில் மொன்செராட் தீவில், 1989இல் ஹியூகோ புயல் அடித்து மூடப்படும்வரை. அதுவும் உப்புக் காற்றுத் தீவுதானே.

நீ வாங்கும்போது ஒரு விஷயம் கட்டாயம் பார். ரொறன்ரோவில் 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கத்தில் எந்த வோல்ட்டுக்கு என்று எழுதியிருக்கும், கடைக்காரரிடமும் கேட்டுக்கொள். அங்கே மட்டும் ஓடுகிற பெட்டியை இங்கே குத்தினால் சாம்பிராணிதான். பழையது கிடைத்தாலும் பரவாயில்லை, ஆனால் எல்லாப் பொத்தானையும் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார். கரகரத்தால் விட்டுவிடு. அங்கே கரகரப்பது இங்கே ஒரு மாரி தாங்காது. எக்ஸ்எல்ஆர் கேபிள் இரண்டும் வேண்டும், முனை தங்கமுலாம் பூசியதாக.

பெட்டியில் இருந்து இன்டர்பேஸுக்கு வருகிற வயர் லைன் வாசலில்தான் போகவேண்டும். மைக் வாசலில் குத்தினால் சிக்னல் மறுபடி அதே பழைய பிரீஆம்ப் வழியாகப் போகும், செலவழித்தது எல்லாம் கடலில். உன் மகனும் மிருதங்கம் பதியத் தொடங்கியிருக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அவனுக்கும் இதைச் சொல்லிவை. அவனுக்குத் தனிப் பெட்டி எதுவும் இப்போது வேண்டாம். மிருதங்கச் சத்தத்துக்கு இன்டர்பேஸின் கெயினே மிஞ்சும், அந்தக் காசுக்குச் சுவரில் தடிச்ச கம்பளி தொங்கவிடட்டும்.

விலையை எழுது, காசை உன் தங்கச்சியிடம் இங்கேயே கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, சொன்னால் பெட்டியும் வேண்டாம். நீ நிற்கிற கிழமையில் நிலாவெளியில் ஒரு பெரியவரைப் பதிய ஒழுங்கு செய்திருக்கிறேன். நீயும் வா, பின்பாட்டு வாங்க ஆள் இல்லாமல் அவர் சலித்துக்கொள்கிறார், உனக்கு இன்னும் தொண்டை இருக்கிறதா பார்ப்போம். அந்த நேரம் கச்சான் காற்று மைக்கைச் சும்மா விடாது, ஆகையால் எஸ்எம்58க்குப் போடுகிற தடித்த பஞ்சு உறை ஒன்றும் பையில் போட்டுக்கொள். பயண நாள் முடிவானவுடன் எழுது.

அன்புடன்,
உவர்மலைக் கூட்டாளி