அந்தச் சமையல்காரர்கள் ஏன் ஓடவில்லை?

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அக்கா மகளுக்கு அடுத்த மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவேன் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள். அது இருக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு.

அன்று போனில் 'தி மெனு' படத்தைப் பற்றி நான் ஒன்று கேட்டேன். நீ "டியூட்டிக்கு நேரமாச்சுப்பா" என்று வைத்துவிட்டாய். 19 நாளாயிற்று. ஒரு வரி போடக்கூடவா நேரமில்லை? அதற்குள் படத்தை இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

உன் சித்தப்பா அதில் ஓட்டை மேல் ஓட்டை என்கிறார். தலைக்கு 1,250 டாலர் கொடுத்துத் தீவிலிருக்கிற ஓட்டலுக்குச் சாப்பிட வந்தவர்கள், அங்கே தலைமைச் சமையல்காரரான செஃப் தங்களைக் கொல்லப்போகிறார் என்று தெரிந்தும் மேஜையிலேயே உட்கார்ந்திருப்பார்களா என்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை. நீங்கள் இன்னும் போராடியிருக்கலாமே என்று அந்த செஃபே அவர்களிடம் சொல்கிறாரே. சாப்பிட வந்தவர்களில் அந்த ஒரு பெண் மட்டும் சீஸ்பர்கர் கேட்டுத் தப்பித்ததும் சரிதான். 9.95 டாலர் பர்கரை அவர் கல்லில் போட்டு வேகவைக்கும்போது முகத்தைப் பார். இன்னும் பசிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் சமையல்காரன் மனது இளகாமல் இருக்குமா? நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவன் சொல்கிறேன்.

நான் கேட்டது வேறு. தன்னிடம் வேலை பார்க்கிற ஜெரமி என்கிற அந்தப் பையனை செஃப் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, நீ ஒருநாளும் பெரிய ஆளாக மாட்டாய் என்கிறார். அவன் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொள்கிறான். வரிசையாக நின்ற சமையல்காரர்களில் ஒருத்தரும் பதறவில்லை. அடுத்த தட்டுக்கும் "யெஸ் செஃப்" என்கிறார்கள். கடைசியில் அவரோடு சேர்ந்து எரிந்தும் போகிறார்கள். கத்தியெல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. இது கதையில் தப்புதானே என்றேன். "அது தப்பில்லப்பா" என்றாய். குரலே எழும்பவில்லை உனக்கு.

படத்துக்குத் தட்டுகளை அமைத்துக் கொடுத்தவர் டொமினிக் கிரென், சான் பிரான்சிஸ்கோவில் மூன்று மிஷெலின் நட்சத்திரம் வாங்கினவர் என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். கோபன்ஹேகனில் நோமா என்கிற பெரிய ஓட்டலில் 2022 அக்டோபர் வரை பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சம்பளமே கிடையாது என்பதும் நீ சொல்லித்தான் தெரியும். "தொழில் கத்துக்கணும்னா அப்படித்தான்" என்றேன் அப்போது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

வீடியோவில் நீ தண்ணீர் குடிக்கும்போது சட்டைக் கை விலகியது. மணிக்கட்டுக்கு மேல் விரல் நீளத்துக்குச் சிவந்திருந்தது. சட்டென்று இழுத்துவிட்டுக்கொண்டாய். ஓவன் கம்பி பட்டிருக்கும் என்றாள் அம்மா. கம்பி பட்டால் கைக்குக் குறுக்கே கோடு விழும் தம்பி. இது நீளவாக்கில் இருந்தது.

பத்தாவது லீவில் நீ மெஸ்ஸில் நின்றாயே. மதியக் கூட்டத்தில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. சட்டியில் கிடந்த கரண்டியை எடுத்து அந்தச் சூட்டோடு உன் கையில் போட்டேன். மாஸ்டர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பரிமாறுகிற பையன்கள் வாளியோடு நின்றார்கள். வாசல் திறந்துதான் கிடந்தது, நீ ஓடவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். அடி வாங்கியும் அடுப்பை விட்டுப் போகாதவன் என் பிள்ளை என்று அதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். வலிக்கிறதா என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. தப்பு என் மேல்தான். அப்பாவை மன்னித்துவிடு.

ஊருக்கெல்லாம் தட்டு அடுக்கிவிட்டு நின்றுகொண்டே எதையாவது வாயில் போட்டுக்கொள்ளாதே. வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடு. வேலையை விட்டு வருவதென்றால் எனக்குக் காரணம் சொல்ல வேண்டாம். டிக்கெட்டுக்குப் பணம் அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தக் கைக்கு என்ன மருந்து போடுகிறாய் என்று மட்டும் எழுது.

அப்பா