போட்டித் தேர்வுக் கையேடு எழுதுகிறவர்களுக்கு: தேயிலை விலை குறையத்தான் போனது

அன்புள்ள ஆசிரியர்களே,

"தேயிலைக்கு அதிக வரி போட்டார்கள், கொதித்தெழுந்த மக்கள் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள், பாஸ்டன் தேநீர் விருந்து, 1773." அமெரிக்கப் புரட்சி என்றால் கையேடுகளில் இப்படித்தான் ஒரே மூச்சில் முடிகிறது. ஆண்டு சரி. காரணம்தான் தப்பு.

1773 மே மாதத் தேயிலைச் சட்டம் புதிதாக வரி எதுவும் போடவில்லை. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் என்ற வரியை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1767லேயே கொண்டுவந்துவிட்டது. அப்போது கூடவே வந்த கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகித வரிகளை 1770இல் எடுத்துவிட்டு, வரி போடும் உரிமை தங்களுக்கு உண்டு என்று காட்டவே தேயிலையை மட்டும் விட்டுவைத்தார்கள். 1773இல் நடந்தது என்னவென்றால், விற்காத சரக்கோடும் கடனோடும் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனி நேராக அமெரிக்காவுக்குத் தேயிலை அனுப்பலாம், இங்கிலாந்தில் கட்டிய சுங்கமும் திரும்பக் கிடைக்கும் என்று சலுகை கொடுத்தார்கள். விலை இறங்கும், டச்சுக்காரர்களிடமிருந்து கடத்திவரும் தேயிலைக்கே போட்டியாகிவிடும். மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் அந்த 3 பென்ஸுக்கும் தலையாட்டியதாகிவிடும். கடத்தல்காரர்களுக்கும், ஒதுக்கப்பட்ட உள்ளூர் வியாபாரிகளுக்கும் இதில் சொந்தக் கணக்கு இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பாஸ்டனில் சரக்கை வாங்கி விற்கும் உரிமை பெற்றவர்களில் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்களும் இருந்தார்கள். அப்புறம் ஊர் சும்மா இருக்குமா?

கம்பெனியின் சரிவில் நம் பக்கத்துக்கும் பங்கு உண்டு. ஹைதர் அலி மெட்ராஸ் வாசல்வரை வந்த செய்தி 1769இல் லண்டனில் கம்பெனிப் பங்கின் விலையைச் சரித்தது, அடுத்து வங்கப் பஞ்சம். ஆனால் கடலில் கொட்டியது அஸ்ஸாம் தேயிலை இல்லை. 342 பெட்டியும் சீனச் சரக்கு.

1764 சர்க்கரைச் சட்டமும் இதே ரகம்தான். மொலாசஸ் (சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் பாகு) மீதான வரி கேலனுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகப் பாதியானது, எதிர்ப்போ கூடியது. ஏனென்றால் பழைய வரியைப் பெரும்பாலும் யாரும் கட்டவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே வசூலிக்கப் போகிறார்கள்.

இன்னொரு விஷயம். "பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற முழக்கத்துக்கு, லண்டன் நாடாளுமன்றத்தில் இடம் கேட்டார்கள் என்று விளக்கம் தருகிறார்கள். 1765 அக்டோபரில், அந்த ஆண்டு வந்த முத்திரைச் சட்டத்தை (பத்திரங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் வரி போட்ட சட்டம்) எதிர்த்து நியூயார்க்கில் 9 அமெரிக்கக் குடியேற்றங்களின் (காலனிகளின்) ஆட்கள் கூடிப் போட்ட தீர்மானத்தைப் படித்தால், நாங்கள் இருக்கும் தூரத்துக்கு அந்தச் சபையில் எங்களுக்குப் பிரதிநிதித்துவம் சாத்தியமே இல்லை, ஆகவே எங்கள் சட்டமன்றங்களைத் தவிர வேறு யாரும் வரி போட முடியாது என்ற பொருளில்தான் இருக்கிறது. இடம் கொடுத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று மாணவர் நினைத்துக்கொண்டு போனால் தவறு உங்களுடையது.

எல்லாவற்றையும் ஒரு மார்க் கேள்வியில் அடைக்க முடியாது, புரிகிறது. அப்படியானால் கேள்வியையாவது மாற்றுங்கள். 1766 மார்ச் மாதம் முத்திரைச் சட்டம் நீக்கப்பட்ட அதே நாளில், குடியேற்றங்களுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் போடும் அதிகாரம் தனக்கு உண்டு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. அது ஏன் என்று கேளுங்கள். 3 பென்ஸை விட்டுவைத்த காரணமும் அதிலேயே கிடைக்கும்.