தொட்டபெட்டாவின் கல்லும் காற்றும்

உதகமண்டலம்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் புதிய வேலையில் சேர்ந்ததையும் உன் மூட்டுவலி தணிந்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். ஜனவரியில் பேரனுடன் வரப்போவதாகவும், எங்கள் ஊர்த் தொட்டபெட்டாச் சிகரம் ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா என்று அவன் நச்சரிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். இல்லை என்று அவனிடம் உறுதியாகச் சொல்லிவிடு. உண்மைக் கதை எரிமலையைவிடச் சுவையானது.

சிகரத்தின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் மேலோட்டில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பமும் அழுத்தமும் இருந்து ஈரம் மட்டும் மிகக் குறைவாக இருந்த சூழலில் அது உருவானது. ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் கலந்த இப்பாறையைப் புதிதாக உடைத்தால், அந்த முகத்தில் எண்ணெய் பூசியது போன்ற கருநீல மினுமினுப்புத் தெரியும். உன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நீர் தேங்கிய பழைய கல்குவாரி தெரிகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா, அந்தப் பல்லாவரத்துக் கல்லும் இதே இனம்தான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறை மீது பதித்திருந்த கல்லை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்து, அது உங்கள் பக்கத்துப் பாறையே என்று கண்டு, சார்னக்கின் பெயரையே அதற்குச் சூட்டினார். வெட்டியது பல்லாவரத்தில், பெயர் பெற்றது கல்கத்தாவில், உயர்ந்து நிற்பது நீலகிரியில்! அவ்வளவு ஆழத்தில் பிறந்த பாறை இன்று 2,637 மீட்டர் உயரத்தில் வெயில் காய்கிறதென்றால், நிலம் எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும், மேலிருந்த சுமை எவ்வளவு அரித்துப் போயிருக்க வேண்டும் என்பதைப் பேரனே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

சிகரத்தின் பெயரோ எளியது: இங்குள்ள படகர் சமூகத்தின் வழக்கிலும் கன்னடத்திலும் அது பெரிய மலை என்றே பொருள்படும். அக்கம்பக்கத்துக் குன்றுகளுக்கு எல்க் ஹில், கிளப் ஹில், ஸ்னோடன் என்று பெயரிட்ட ஆங்கிலேயர் இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டனர். வேல்ஸ் நாட்டிலுள்ள அசல் ஸ்னோடனை 'அர் வித்வா' என்ற பழைய வேல்ஷ் பெயராலேயே வழங்குவதென அங்குள்ள தேசியப் பூங்கா நிர்வாகம் 2022இல் முடிவு செய்துவிட்டது. நம் ஊர் ஸ்னோடன் மட்டும் இரவல் பெயரை விடாமல் வைத்திருக்கிறது.

பருவநிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றின் முழு வேகத்தையும் மேற்கேயுள்ள குந்தா மலைகள்தாம் முதலில் தாங்குகின்றன. 2019 ஆகஸ்டில் அங்குள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது உனக்கு நினைவிருக்கும். தொட்டபெட்டாத் தொடருக்குக் கிழக்கே குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர் மழையே பெரிது. நடுவில் நிற்கும் சிகரத்துக்கோ இரு பருவங்களிலும் பங்கு உண்டு. பாறை என்னவோ உறுதியானதுதான். ஆனால் அது காலங்காலமாகச் சிதைந்து உண்டான கனத்த செம்மண் சரிவுகளை மூடியிருக்கிறது. நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும்போது அது வழுக்கி இறங்குகிறது. 2009 நவம்பரில் இம்மாவட்டத்து மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டதற்குக் கனமழையை மட்டும் குறை கூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சரிவைச் செங்குத்தாக வெட்டி வீடும் சாலையும் அமைத்த நமக்கும் அதில் பொறுப்பு உண்டு.

நீ வரும் ஜனவரியில் மழை குறைவு, உறைபனி மிகுதி. உச்சியில்தான் குளிர் கடுமை என்று எண்ணிவிடாதே. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் இறங்கித் தேங்குவதால், தலைக்குந்தாவிலும் பழைய குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் வெளுத்துக் கிடக்கும். மேட்டில் அவ்வளவு இராது. இளஞ்செடிகளை அந்தப் பனி கருக்கிவிடுவதும், சோலைக்காடு மலை மடிப்புகளோடு நின்றுவிட வெட்டவெளியில் புல் மட்டுமே நிலைப்பதற்கு ஒரு காரணம் என்பர்.

ஆகவே உச்சிக்கு முற்பகலிலேயே போய்விடுவோம், பிற்பகலில் மேகம் மூடிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. நீலகிரிக்கு வருவதற்கான இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதே. பேரனுக்குக் காதை மூடும் குல்லாயும், முடிந்தால் உங்கள் குவாரிக் கல்லில் ஒரு சிறு துண்டும் கொண்டு வா. இங்குள்ளதோடு அவனே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
கமலா